ராமென் கடையில் கேட்ட துணைவினை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் வித்துரா வருகிறது. அதன் அருகில் மருதமலையில், 2008இல் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் அங்கே பகலும் இரவும் ஒன்றுதான். விடுதியின் உணவுக்கூடம் மூடிய பிறகு ஆய்வகத்திலிருந்து திரும்புபவர்களுக்கு மின்கெண்டியும் ஒரு பொட்டலம் நூடுல்சும்தான் துணை. அந்தப் பொட்டலங்களுள் ஒன்றின் மேல் 'டாப் ராமன்' என்று எழுதியிருக்கும். அதை அயோத்தி இராமனோடு சேர்த்துக் கேலி பேசாத விடுதி இந்தியாவில் இருக்க முடியாது. ஜப்பானின் நிசின் நிறுவனம் 1990களில் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தப் பொட்டலத்தின் வழியாகத்தான், ராமென் என்னும் சொல் ஒரு தலைமுறை இந்தியரின் காதில் முதன்முதலாக விழுந்தது.

வித்துராவில் அப்படி ராமென் தின்று வளர்ந்த வேதியியல் ஆய்வு மாணவி ஒருத்தியைப் பற்றியது இக்கட்டுரை. தக்கலைக்காரி. பெயர் இங்கு வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப்புறம் பிறந்தவள் ஆதலால் மலையாளம் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள். வந்த முதல் வாரமே, சாலையோரத் தட்டுக்கடையில் கப்பையும் மீன்குழம்பும் வைத்துக்கொடுத்த சேச்சி, "கழிச்சு நோக்கு மோளே" என்று சொன்னபோது சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு பெரிது. தமிழில் கழித்தல் என்னவெல்லாம் பொருள்படும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சேச்சி சொன்னது, "தின்று பார் மகளே" என்பதுதான். பார் என்னும் இடத்தில் நோக்கு. அவ்வளவே வேறுபாடு. அந்தத் தொடர் பின்னாளில் பயன்படப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவளுடைய தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரிடம் நீலநிற அட்டையிட்ட நோட்டு ஒன்று உண்டு. 1980களில் ஓனோ சுசுமு என்னும் பெயர் தமிழ் நாளிதழ்களில் அடிபடத் தொடங்கியபோது தொடங்கிய நோட்டு அது. ஓனோ (1919–2008) சாதாரண ஆளல்லர். டோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய ஜப்பானிய மொழிக்கான இவானாமி அகராதியைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர். அவர் ஜப்பானிய மொழியும் தமிழும் உறவுடையவை என்று 1980இலிருந்து எழுதத் தொடங்கினார். சென்னையில் வந்து தமிழ் படித்தார். பொற்கோவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவருடன் இணைந்து பணியாற்றினர். வடகிழக்கு ஜப்பானின் சில ஊர்களில் சனவரி 15ஐ ஒட்டி நடக்கும் வேளாண் சடங்கொன்றில் 'ஹோங்கா ஹோங்கா' என்று கூவுவார்கள். அது 'பொங்கலோ பொங்கல்' என்பதுதான் என்றார் ஓனோ. இந்த ஒரு செய்தி போதாதா? தக்கலையில் ஒரு தமிழாசிரியர் தம் கைப்பட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனார். நாளிதழில் கண்டது, திரைப்படத்தில் கேட்டது, கன்னியாகுமரிக்கு வந்த ஜப்பானியச் சுற்றுலாப் பயணியை நிறுத்தி விசாரித்தது என எல்லாம் அதில் உண்டு.

பேத்திக்கு டோக்கியோ ஆய்வகமொன்றில் ஆறு வாரம் பணிபுரிய வாய்ப்புக் கிடைத்தது சென்ற ஆண்டு அக்டோபரில். விடைபெறச் சென்றபோது தாத்தா பணமோ பாத்திரமோ கேட்கவில்லை. "அங்க உள்ளவங்க பொங்கல எப்பிடி கூப்பிடுகாவன்னு நேர்ல கேட்டுட்டு வா மக்களே" என்றார். பேத்திக்குச் சங்கடம். ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதை அவள் படித்திருந்தாள். படித்ததை வீட்டில் சொல்லும் துணிவு மட்டும் வரவில்லை.

டோக்கியோவில் முதல் ஞாயிறு அவள் போனது ராமென் கடைக்கு அன்று, கின்சாவிலுள்ள நாயர் உணவகத்துக்கு. திருவனந்தபுரத்திலிருந்து போகும் எவரும் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டிய இடம் அது. அ. மா. நாயர் திருவிதாங்கூரில் 1905இல் பிறந்தவர். 1928இல் கியோத்தோவுக்குப் பொறியியல் படிக்கச் சென்று, ராஷ் பிகாரி போசுடன் சேர்ந்து இந்திய விடுதலைக்காக அங்கேயே உழைத்து, போர் முடிந்தபின் 1949இல் கின்சாவில் ஓர் இந்திய உணவகத்தைத் தொடங்கினார். ராஷ் பிகாரி போசுக்கும் உணவுக்கும் தொடர்பு உண்டு: அவருக்கு அடைக்கலம் தந்து பெண்ணும் கொடுத்த சோமா குடும்பத்தாரின் நாகமுராயா கடையில், 1927இல் இந்தியக் கறிச்சோறு பட்டியலில் ஏறியது அவரால்தான். நாடு கடந்து வாழ்ந்த விடுதலை வீரர்கள் ஜப்பானுக்கு விட்டுச்சென்றவற்றுள் இன்றும் நாள்தோறும் நினைக்கப்படுவது அவர்களது அரசியல் அன்று, அவர்களது குழம்பு. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

நாயர் உணவகத்தின் புகழ்பெற்ற பண்டத்துக்குப் பெயர் 'முருகி லஞ்ச்'. எலும்போடு வேகவைத்த கோழிக்கால், மஞ்சள் சோறு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு. பரிமாறுபவர் எலும்பை அகற்றிவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து உண்ணும்படி சொல்வார். இப்பெயரைத் தாத்தாவின் நோட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? கோழிக்கொடியோனாகிய முருகனும் கோழிக்கறியாகிய முருகியும் அடுத்த நொடியே ஒரே வரியில் உட்கார்ந்துவிடுவர். பொருளும் பொருந்துகிறது, ஒலியும் பொருந்துகிறது. இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அச்சொல் இந்தியிலும் வங்காளத்திலும் கோழியைக் குறிக்கும் முர்கி. பாரசீகத்திலிருந்து வந்தது. ஜப்பானிய மொழியில் ர், க் என்னும் இரு மெய்கள் அடுத்தடுத்து நிற்கா. இடையில் ஓர் உகரம் நுழைந்து முருகி ஆயிற்று. மார்க் என்பதை மார்க்கு என்று சொல்லும் தமிழ் நாக்குக்கு இது புரியாத செய்தியன்று. ஒத்த ஒலியும் ஒத்த பொருளும் கூடிய ஓர் இணை, முற்றிலும் தற்செயலாக, ஒரு தட்டுச் சோற்றின் மேல் கிடந்தது. அவள் அதைப் படமெடுத்தாள், தாத்தாவுக்கு அனுப்பவில்லை.

ராமென் கடைக்கு அவள் சென்றது நான்காம் வாரம். தகதனோபாபா என்னும் பகுதி. பெயரைச் சொன்னாலே தாளம் போடத் தோன்றும். வசேதா பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் மாணவர் கூட்டம். மாணவர் இருக்கும் இடத்தில் ராமென் கடைகள். அவள் போன கடை வாசலில் பதினைந்து பேர் வரிசையில் நின்றனர். ஒருவரும் பேசவில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது மனிதர் அல்லர், எந்திரம். பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சிறு சீட்டு விழும். பொத்தான்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் ஜப்பானிய எழுத்து. பின்னால் நின்றவரின் பொறுமை முதுகில் சுடுவதுபோல் இருக்க, இடப்பக்கம் மேல்மூலைப் பொத்தானை அழுத்தினாள். கடையின் முதன்மைப் பண்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்று ஆய்வகத்தில் சொல்லியிருந்தார்கள். விலை 950 யென். ராமென் தொழிலில் '1000 யென் சுவர்' என்றொரு பேச்சு உண்டு. எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்த சாறாயினும், ஒரு கிண்ணத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பர். இத்தாலிய நூடுல்சுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க அதே வாடிக்கையாளர் தயங்கமாட்டார். தோசைக்கும் இதே நிலைதான்.

நீண்ட பலகை ஒன்றின் முன் பத்து இருக்கைகள். அப்பலகைக்கு மறுபுறமே அடுக்களை. முதலில் கிண்ணத்தின் அடியில் 'தாரே' எனப்படும் செறிந்த சாறு ஒரு கரண்டி. இந்தக் கடையில் அது சோயாச் சாறும் உப்பும் கூடியது. அதன்மேல் மணமூட்டிய எண்ணெய். பிறகு கொதிக்கும் சாறு. அதற்குள் நூடுல்ஸ் வெந்திருக்கும். கம்பிக்கூடையோடு தூக்கி, நீர் வடிய இரண்டு உதறல். நூடுல்சைக் கிண்ணத்தில் மடித்துக் கிடத்தி, பாதி வெந்த முட்டை, மூங்கிற்குருத்து, பன்றி இறைச்சித் துண்டு, வெங்காயத்தாள். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. ஆனால் சாறு விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது.

நூடுல்சின் மஞ்சள் நிறம் முட்டையால் வந்ததன்று. கன்சுய் எனப்படும் கார உப்பு நீரில் மாவைப் பிசைவார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் சேர்ந்தது அது. மாவிலுள்ள நிறமிகள் காரத்தில் மஞ்சளாகின்றன; மாவுப்புரதம் இறுகி நூலுக்கு இழுவை வருகிறது. சூடான சாற்றில் கிடந்தும் எளிதில் குழையாமல் இருப்பது இதனால்தான். வேதியியல் மாணவிக்கு இது பாடம். ஆனால் தக்கலைக்காரிக்கு இது பப்படக்காரம், அதாவது அப்பளக்காரம். உளுந்து மாவில் கார உப்பைப் போட்டு இடித்தால்தான் பப்படம் பொங்கும் என்பது அவளுடைய பாட்டிக்குத் தெரிந்த வேதியியல்.

அடுத்தது சாறு. கொம்பு என்னும் கடற்பாசியும் கட்சுவோபுஷி என்னும் காய்ந்த மீனும் அதன் உயிர். கொம்பை ஆராய்ந்துதான் 1908இல் டோக்கியோப் பேராசிரியர் இகேதா கிகுனே குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ கட்சுவோபுஷியின் சுவைக்கு இனோசினேட்டு காரணம் என்று கண்டார். இரண்டும் கூடும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தியது. பின் சீவலாகச் சீவிப் போடுவது. தென்மாவட்டத்தாருக்கும் ஈழத்தாருக்கும் விளக்கம் வேண்டாம், இது மாசிக்கருவாட்டின் உடன்பிறப்பு. மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதே மீனை அதே முறையில் செய்கிறார்கள். திவேகி மொழியில் மஸ் என்றால் மீன். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பட்டூட்டா, மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்தி இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அனுப்பினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். செய்முறை எங்கிருந்து எங்குப் போயிற்று என்பதில் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. கிண்ணத்தின் ஆவி முகத்தில் பட்டபோது, தேங்காய்ச் சம்பலுக்கு மாசி இடிக்கும் வீட்டு வாசம் அவளுக்கு வந்தது என்பது மட்டும் உறுதி.

ராமெனே வந்தேறிதான். சீனத்தின் லாமியான் ஜப்பானிய நாவில் ராமென் ஆனது. ல, ர என்னும் வேறுபாடு அம்மொழியில் இல்லை. 1910இல் அசாகுசாவில் ஒசாகி கன்இச்சி என்னும் முன்னாள் சுங்க அலுவலர், யோக்கோகாமாவிலிருந்து பன்னிரண்டு சீனச் சமையற்காரர்களை அழைத்துவந்து ராய்ராய்கென் என்னும் கடையைத் தொடங்கினார். அக்காலத்தில் அதற்குப் பெயர் ஷினா சோபா. போருக்குப் பின் ஷினா என்னும் சொல் சீனரை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டு, சூகா சோபா ஆயிற்று. 1958 ஆகஸ்டு 25இல், தைவானில் பிறந்து ஜப்பானில் குடியேறிய அண்டோ மோமோஃபுகு, வெந்நீர் ஊற்றினாலே வேகும் 'சிக்கன் ராமென்' என்னும் பொட்டலத்தை விற்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் ராமென் என்னும் பெயர் நாடு முழுதும் நிலைபெற்றது. முதற் பொட்டலத்தின் விலை 35 யென். அன்றைய நிலையில் அது ஆடம்பரப் பொருள். இன்று ஜப்பானின் தேசிய உணவு எதுவென்று கேட்டால் பலரும் ராமெனைச் சொல்கிறார்கள். பெரும்பாலான பெயர்ப்பலகைகளில் அது இன்னும் அயற்சொற்களுக்குரிய கத்தகானா எழுத்திலேயே இருக்கிறது. எழுத்து, வந்தவழியை மறப்பதில்லை, வாய் மறந்துவிடுகிறது.

கிண்ணம் வந்ததும் அவள் குச்சிகளை எடுத்து நூடுல்சில் விட்டாள். அடுப்பின் முன் நின்ற முதியவர் அதைப் பார்த்துவிட்டார். அதுவரை வாய் திறவாதவர், கிண்ணத்தருகே கிடந்த பீங்கான் கரண்டியைச் சுட்டி, ஏதோ சொன்னார். அவள் காதில் விழுந்தது, "சூப்பு ... நொந்தே மித்தே" என்பது.

நொந்தே! யார் நொந்தது? ஒரு கணம் அவளுக்குள் தாத்தாவின் நோட்டு விரிந்தது. பிறகு ஆறு மாதம் மாலைநேரத்தில் படித்த ஜப்பானியம் கைகொடுத்தது. நோமு என்றால் குடி. அதன் எச்சம் நொந்தே, குடித்து. மிரு என்றால் பார், மித்தே, பாருங்கள். முதலில் சாற்றைக் குடித்துப் பாருங்கள் என்றார் பெரியவர்.

குடித்து என்பது வினையெச்சம். பார் என்பது துணைவினை. அங்கே கண்ணுக்கு வேலையில்லை. முயன்று அறி என்பதே அதன் பொருள். இது தமிழில் அப்படியே, எச்சம் முன்னும் துணைவினை பின்னுமாக, அதே வரிசையில் அமைந்திருக்கிறது. சேச்சியின் கழிச்சு நோக்கு. பெரியவரின் நொந்தே மித்தே. ஒலியில் ஓர் எழுத்துகூட உறவில்லை. நொந்தே என்பதற்கும் நொந்து என்பதற்கும் இருந்த ஒலி ஒப்புமைதான் அவளை ஏமாற்றியது; ஒலி ஒப்புமையே இல்லாத இடத்தில் பொருளின் எலும்புக்கூடு ஒன்றாக இருந்தது.

ஓனோவின் கருத்து ஏன் ஏற்கப்படவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்வது எளிது. மொழிகளின் பிறப்புறவை ஒத்த சொற்களைக் கொண்டு நாட்டுவதில்லை, ஒழுங்கான ஒலித்தொடர்பைக் கொண்டு நாட்டுவது மரபு. தமிழில் பால், பல், பாம்பு. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹாவு. பகரம் ஹகரமாவது ஒரு சொல்லில் நடந்த விபத்து அன்று, மொழி முழுவதும் நடந்த ஒழுங்கு. ஜப்பானியத்திலும் பழைய பகரம் ஹகரமாகியிருக்கிறது என்பது உண்மை. ஆகையால்தான் பொங்கல், ஹோங்கா என்னும் இணை அத்தனை மயக்கம் தருகிறது. ஆனால் ஓனோ நூற்றுக்கணக்கில் தந்த இணைகளுள் பல, பொருளை நீட்டியும் வளைத்தும் பொருத்தப்பட்டவை என்று மறுப்பாளர்கள் காட்டினர். வேறெந்த இரு மொழிகளை எடுத்துத் தேடினாலும் அந்த அளவு தளர்வில் இணைகள் கிடைக்கும். பிற்காலத்தில் ஓனோவே பிறப்புறவு என்பதிலிருந்து நகர்ந்து, தொடர்பால் விளைந்த கலப்பு என்னும் நிலைக்கு வந்தார். அவரது உழைப்பைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஒரு பெரும்புலமையாளர் அறுபது வயதில் அயல்மொழி ஒன்றைக் கற்கப் பள்ளிமாணவன்போல் உட்காருவது எளிய செயலன்று. முடிவு தவறாக இருக்கலாம்.

நொந்தே மித்தே என்பதையும் உறவுச்சான்றாக எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. இந்தியில் காகர் தேக்கோ, வங்காளத்தில் கேயே தேக்கோ, கொரிய மொழியிலும் இதே அமைப்பு. வினை இறுதியில் வரும் மொழிகள் பலவற்றில் தின்று பார்க்கிறார்கள். இந்தியாவின் மொழிகள், குடும்பம் வேறாக இருந்தும், ஒன்றையொன்று உரசி ஒத்த பண்புகளைப் பெற்றுள்ளன என்பதை எமனோ 1956இல் எழுதினார். கொலின் மசிக்கா 1976இல் அந்த ஆய்வை விரித்து, இப்பண்புகளுள் பல ஆசியாவின் வடக்கேயும் கிழக்கேயும் கொரியா, ஜப்பான் வரை நீள்வதைக் காட்டினார். தாத்தாவின் நோட்டில் இதற்கு இடமில்லை, ஏனெனில் அது சொற்களின் நோட்டு.

அவள் சாற்றைக் குடித்துப் பார்த்தாள். பெரியவர் திரும்பி அடுத்த கூடையை உதறிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த உரையாடல்.

சுற்றிலும் ஒன்பது பேர் உறிஞ்சும் ஓசை. ஜப்பானியத்தில் அதற்கு சுருசுரு என்று பெயர். வழவழ, கொழகொழ, மொறுமொறு என்று வாயில் பட்டதையெல்லாம் இரட்டித்துச் சொல்லும் தமிழர்க்கு அந்த மொழியின் உணவுப் பேச்சு அயலாகத் தோன்றாது. ஆனால் உறிஞ்சுவது வேறு. தக்கலை வீட்டில் இரசத்தை உறிஞ்சினால் பாட்டியின் பார்வை மேலே விழும். இங்கே உறிஞ்சாமல் தின்றால் நூடுல்ஸ் ஆறிக் குழைந்துவிடும். உறிஞ்சும்போது காற்றும் சேர்வதால் வாய் சுடாமல் மணம் மூக்குக்கு ஏறுகிறது. முதல் ஐந்து வாய் ஓசையின்றித் தின்றாள். ஆறாவது வாயில் ஓசை வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் நூடுல்சை முடித்துவிட்டு, மிஞ்சிய சாற்றைக் காட்டி 'கைதாமா' என்று ஒற்றைச் சொல் சொன்னார். ஒரு கை நூடுல்ஸ் மட்டும் அவர் கிண்ணத்தில் வந்து விழுந்தது. ஹகாத்தாப் பக்கத்து வழக்கம். இப்போது பல ஊர்களுக்கும் பரவியிருக்கிறது.

டிசம்பரில் வித்துராவுக்குத் திரும்பினாள். தைப்பொங்கலுக்குத் தக்கலை போகும்வரை தாத்தாவிடம் தொலைபேசியில் அதைப் பற்றிப் பேசவில்லை. பொங்கலன்று மாலை அடுக்களையில் நுழைந்தாள். சமையல் சோடாவை வெறும் சட்டியில் நெடுநேரம் வறுத்தால் நீரும் கரியமிலவாயுவும் நீங்கிச் சோடியம் கார்பனேட்டு ஆகிவிடும்; அதைக் கரைத்த நீரில் மைதாவைப் பிசைந்தாள். மாவு மஞ்சளானதைப் பார்த்த பாட்டி, "இது பப்படத்துக்குப் போடுகதுல்லா?" என்றார். சப்பாத்திக் கட்டையால் தேய்த்து மடித்துக் கத்தியால் நூல்நூலாக அரிந்தாள். கொம்பு டோக்கியோவிலிருந்து கொண்டுவந்தது. கட்சுவோபுஷியும் கொண்டுவந்திருந்தாள், ஆனால் அதை எடுக்கவில்லை. கடையில் வாங்கிய மாசியைச் சீவிப் போட்டாள். கோழி எலும்பு மூன்று மணி நேரம் கொதித்தது. பன்றி இறைச்சி வீட்டுக்குள் வராது என்பதால் முட்டையோடு நிறுத்திக்கொண்டாள்.

தாத்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் கேட்டார். "ஹோங்காவக் கேட்டியா மக்களே?"

"கேக்கல தாத்தா. அது வடக்கே வேற ஊர்ல. ஆனா கேட்டிருந்தாலும் அது நம்ம பொங்கல்னு சொல்ல முடியாது." பால், ஹாலு எல்லாம் சொன்னாள். முருகி லஞ்சின் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முப்பது ஆண்டு இலக்கணம் நடத்தியவருக்கு எடுத்துக்காட்டுப் புரியாமல் இல்லை.

"ஒரு சொல்ல வச்சு வழக்காட முடியாதுல்லா" என்றார் கடைசியில். பிறகு, "அப்ப நீ என்னத்தத்தான் கேட்டுட்டு வந்தே?"

அவள் நொந்தே மித்தே சொன்னாள். பிரித்துப் பொருளும் சொன்னாள். தாத்தா இருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "துணைவினை" என்றார். உடனே அவள் வங்காளத்தையும் கொரியத்தையும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பின்னால் பலமுறை நினைத்ததுண்டாம். ஆனால் சொல்லிவிட்டாள். அரைகுறையாக விட்டால் அது நீல நோட்டில் ஏறிவிடும் என்ற அச்சம்.

"வங்காளிக்கும் அப்பிடித்தானா?" என்றார் தாத்தா. குரல் இறங்கியிருந்தது. நோட்டு மேசைமேல்தான் கிடந்தது. அதை அவர் திறக்கவும் இல்லை, அப்பால் வைக்கவும் இல்லை.

பாட்டி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். ராமென் கிண்ணம் அன்று, பாயசக் கிண்ணம். தாத்தா முட்கரண்டியை நூடுல்சில் விட்டார்.

"முதல்ல சாறக் குடிச்சுப் பாருங்க" என்றாள் பேத்தி.

குடித்தார். மாசி என்றார் உடனே. அதன்பின் பேச்சில்லை. பாட்டியின் பார்வையைப் பொருட்படுத்தாமல் உறிஞ்சித் தின்றார். நூடுல்ஸ் அங்கங்கே குழைந்திருந்தது, மாவு இன்னும் சற்று இறுகியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தாத்தா கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அடியில் பாதிச் சாறு மிச்சம் இருந்தது.

"இடியாப்பம் மட்டும் இன்னும் கொஞ்சம் போடு மக்களே."